ஆங்கில வாக்கியம் எங்கே முடிகிறது? – வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஆங்கில வாக்கிய அமைப்பைப் பற்றியே கேட்டிருந்ததால், மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஆங்கிலம் படிக்கத் தயங்கும் பெற்றோரும் உரக்கச் சொல்லிப் பார்க்க வசதியாக, எடுத்துக்காட்டுகளைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன்.

கேள்வி: ஐயா, வணக்கம். நாங்கள் சுங்கை சிப்புட்டில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டியிருக்கும் தாமானில் குடியிருக்கிறோம். என் மகன் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்துவிட்டு இப்போது இடைநிலைப்பள்ளியில் படிவம் இரண்டில் இருக்கிறான். அவனுடைய ஆங்கிலக் கட்டுரைகளில் ஆசிரியை சில வரிகளுக்குக் கீழே 'ஃபிராக்மென்ட்' என்றும் சில வரிகளுக்குக் கீழே 'ரன்-ஆன்' என்றும் சிவப்பு மையில் எழுதி அனுப்புகிறார். அவனுக்கு அது புரியவில்லை; எனக்கோ ஆங்கிலம் அதிகம் தெரியாது. அவன் எழுதிய ஒரு பத்தியை அனுப்புகிறேன். என்ன பிழை என்று சொல்லுங்கள்.

'லாஸ்ட் சாட்டர்டே மை ஃபாதர் வோக் அப் ஏர்லி ஹி டுக் ஹிஸ் மோட்டார்சைக்கிள் ஹி வென்ட் டு த எஸ்டேட். கட்டிங் த பன்ச்சஸ் அன்டில் நூன். ஹி கேம் ஹோம் அட் த்ரீ. பிகாஸ் த லோரி வாஸ் லேட். மை மதர் வெரி ஆங்க்ரி.'

– ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்: சகோதரி, உங்கள் மகனிடம் சொல்வதற்குச் செய்தி இருக்கிறது, அதற்கு வேண்டிய சொற்களும் இருக்கின்றன. ஒரு வாக்கியம் எந்த இடத்தில் நிறைவு பெறுகிறது என்பதில்தான் தடுமாறுகிறான். அந்தத் தடுமாற்றத்துக்குக் காரணம் அவன் தமிழில் சிந்திப்பது. அதைத் தீர்க்கும் வழியும் அவன் தமிழ்ப்பள்ளியில் படித்த இலக்கணத்திலேயே இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

முதல் வரியை எடுத்துக்கொள்வோம். அவன் மனத்தில் ஓடிய தமிழ் வாக்கியம் அநேகமாக இப்படி இருந்திருக்கும்: 'அப்பா சீக்கிரமாக எழுந்து, மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு, தோட்டத்துக்குப் போனார்.' இதில் முற்றுவினை ஒன்றுதான். 'போனார்' என்பதே அது. 'எழுந்து', 'எடுத்துக்கொண்டு' என்பவை வினையெச்சங்கள். எச்சம் என்றாலே பொருள் முடியாமல் எஞ்சி நிற்பது என்பதால், அது அடுத்த வினையைத் தானாகவே எதிர்பார்த்து நிற்கிறது. இடையில் வேறு இணைப்புச் சொல் எதுவும் வேண்டியதில்லை. தொல்காப்பியம் வினையியலில் முற்றையும் எச்சத்தையும் பிரித்துக் காட்டிய காலத்திலிருந்து, தமிழ் வாக்கியத்தின் முடிவை நமக்கு அறிவிப்பது முற்றுவினைதான். ஓலைச்சுவடிகளில் காற்புள்ளியோ முற்றுப்புள்ளியோ இல்லாமலே நம் முன்னோர் உரைகளைப் படித்துப் பொருள் கொண்டதற்கும், பல பாடல்கள் ஒரே வினைமுற்றில் சென்று முடியும் 'குளகம்' என்னும் வகையைப் புலவர்கள் பாடியதற்கும் இதுவே அடிப்படை.

உங்கள் மகன் அந்த ஒரே மூச்சு வாக்கியத்தை ஆங்கிலத்தில் எழுதும்போது என்ன நடந்தது? 'வோக் அப்', 'டுக்', 'வென்ட்' என்னும் மூன்றும் அங்கே முற்றுவினைகளாகிவிட்டன. 'எழுந்தார் எடுத்தார் போனார்' என்று இடைவெளியே இல்லாமல் எழுதினால் தமிழில் எப்படி இருக்குமோ, ஆங்கிலம் படிப்பவருக்கு அவன் எழுதியதும் அப்படியே இருக்கிறது. முழு வாக்கியங்கள் இரண்டோ அதற்கு மேலோ சரியான இணைப்பும் இல்லாமல், சரியான நிறுத்தமும் இல்லாமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதைத்தான் ஆசிரியை 'ரன்-ஆன்' என்கிறார். நாம் அதை ஒட்டு வாக்கியம் என்று வைத்துக்கொள்வோம். மூன்று செயல்களையும் செய்தவர் ஒருவரே என்பதால் இதைத் திருத்துவது எளிது. நடுவில் வரும் 'ஹி' இரண்டையும் எடுத்துவிட்டு, முதல் செயலுக்குப் பின் காற்புள்ளியும் கடைசிச் செயலுக்கு முன் 'அண்ட்' என்ற சொல்லும் இட்டால் போதும்.

இரண்டாவது வரியில் நேர்மாறான குறை இருக்கிறது. 'கட்டிங் த பன்ச்சஸ் அன்டில் நூன்' என்பதில் யார் வெட்டினார் என்பதும் இல்லை, முற்றுவினையும் இல்லை. இதுவே 'ஃபிராக்மென்ட்', அதாவது அரைகுறை வாக்கியம். தமிழில் 'மதியம் வரை குலை வெட்டிக்கொண்டிருந்தார்' என்று எழுவாயைச் சொல்லாமல் எழுதினாலும் வாக்கியம் நிறைவாகவே இருக்கும். ஏனெனில் 'ஆர்' என்ற விகுதியே செய்தவரைக் காட்டிவிடுகிறது. தோன்றா எழுவாய் என்று நாம் படித்தது இதைத்தான். ஆங்கிலத்தில் 'வென்ட்' என்ற வினை நான், நீ, அவன், அவர்கள் ஆகிய எல்லாருக்கும் ஒரே வடிவத்தில் நிற்பதால், எழுவாயை எழுதியே தீரவேண்டும். 'கோ', 'கம் ஹியர்' என்பன போன்ற ஏவல் வாக்கியங்களில் மட்டுமே அது மறைந்து நிற்கலாம்.

முற்றுவினையைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. காலத்தை மாற்றிப் பாருங்கள். நேற்று என்றால் 'வாஸ் கட்டிங்', இப்போது என்றால் 'இஸ் கட்டிங்', நாளை என்றால் 'வில் பி கட்டிங்'. காலத்துக்கு ஏற்ப மாறுவது முன்னால் நிற்கும் சொல்தான்; 'கட்டிங்' அசையாமல் அப்படியே இருக்கிறது. காலம் மாறும்போது மாறாத சொல் முற்றாக நிற்க முடியாது. இந்த ஒரு சோதனையை உங்கள் மகன் பழகிக்கொண்டால் அரைகுறை வாக்கியங்களில் பெரும்பகுதி மறைந்துவிடும்.

'பிகாஸ் த லோரி வாஸ் லேட்' என்ற வரியைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் நம் பிள்ளைகள் மிக அதிகமாகச் செய்யும் பிழை இதுதான். இதில் எழுவாயும் இருக்கிறது, முற்றுவினையும் இருக்கிறது. ஆனாலும் இது தனி வாக்கியம் ஆகாது. 'பிகாஸ்' என்றால் 'ஏனென்றால்' என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். தமிழில் 'ஏனென்றால் லோரி தாமதமாக வந்தது' என்பது முழு வாக்கியம். அதற்கு முன் முற்றுப்புள்ளி வைத்ததில் எந்தத் தவறும் இல்லை. ஆங்கிலத்தில் அந்தச் சொல் செய்யும் வேலையோ 'வந்ததால்' என்பதில் உள்ள 'ஆல்' செய்யும் வேலை. 'லோரி தாமதமாக வந்ததால்' என்று எழுதிவிட்டு யாரும் முற்றுப்புள்ளி வைக்கமாட்டார்கள் அல்லவா? ஆகவே இனி 'பிகாஸ்' என்பதை 'ஆல்' என்றும், 'வென்' என்பதை 'போது' என்றும், 'இஃப்' என்பதை 'வந்தால்' என்பதில் உள்ள 'ஆல்' அல்லது 'என்றால்' என்றும், 'ஆல்தோ' என்பதை 'ஆலும்' என்றும் மனத்தில் பதியவைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இந்தச் சொற்களில் ஒன்று தலையில் ஏறியவுடன் முழு வாக்கியமும் எச்சமாக மாறிவிடுகிறது. அது சாய்ந்து நிற்க இன்னொரு முழு வாக்கியம் தேவைப்படுகிறது.

கடைசி வரியில் 'வாஸ்' விடுபட்டிருக்கிறது. 'அம்மாவுக்கு ஒரே கோபம்' என்று நாம் வினையே இல்லாமல் பேசுகிறோம், 'அவர் ஆசிரியர்' என்பதும் பெயர்ப்பயனிலை கொண்டு நிறைவு பெறும் வாக்கியம். மலாயிலும் 'சாயா குரு' (நான் ஆசிரியர்), 'டியா டி ரூமா' (அவர் வீட்டில்) என்று வினையில்லாமல் சொல்வது முறையே. தெரிந்த இரண்டு மொழிகளும் ஒரே பக்கம் இழுப்பதால் மூன்றாவது மொழியில் இந்தச் சிறு சொல் நழுவிப்போகிறது. ஆங்கிலத்தில் வினை இல்லாமல் வாக்கியம் இல்லை.

திருத்திய பத்தி இது: 'லாஸ்ட் சாட்டர்டே மை ஃபாதர் வோக் அப் ஏர்லி, டுக் ஹிஸ் மோட்டார்சைக்கிள் அண்ட் வென்ட் டு த எஸ்டேட். ஹி வாஸ் கட்டிங் த பன்ச்சஸ் அன்டில் நூன். ஹி கேம் ஹோம் அட் த்ரீ பிகாஸ் த லோரி வாஸ் லேட். மை மதர் வாஸ் வெரி ஆங்க்ரி.'

ஆங்கிலம் தெரியாது என்று நீங்கள் ஒதுங்க வேண்டியதில்லை. அவன் எழுதியதை, ஒவ்வொரு முற்றுப்புள்ளிவரையும் நிறுத்தி, சொல்லுக்குச் சொல் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். 'மதியம் வரை குலை வெட்டிக்கொண்டு' என்று அவன் நிறுத்தினால், 'யார்? வெட்டிக்கொண்டு என்ன?' என்று நீங்கள் கேட்பீர்கள். பிழை அங்கேயே வெளிப்பட்டுவிடும். 'லோரி தாமதமாக வந்ததால்' என்று நிறுத்தினாலும் அப்படியே. எழுவாய் மறைந்த வாக்கியத்தையும் 'கோபம்' போன்ற வினையில்லா வாக்கியத்தையும் இந்த வழியில் பிடிக்க முடியாது என்பதால், அவற்றுக்கு மட்டும் 'யார்?' என்ற கேள்வியையும் மேலே சொன்ன காலச் சோதனையையும் அவனே செய்துபார்க்க வேண்டும்.

கேள்வி: நான் ஒரு தோட்ட அலுவலகத்தில் கிராணியாக வேலை செய்கிறேன். மாத அறிக்கையில் 'த பம்ப் பிரோக் டவுன், வி கால்ட் த மெக்கானிக்' என்று எழுதியிருந்தேன். காற்புள்ளி போட்டுத்தானே பிரித்திருக்கிறேன்? மேலாளர் இதைத் தவறு என்கிறார். தமிழில் இப்படி எழுதினால் யாரும் குறை சொல்வதில்லையே?

– ஒரு வாசகர், தாப்பா

பதில்: மேலாளர் சொல்வது சரி. இதுவும் ஒட்டு வாக்கியத்தில் ஒரு வகை. 'காமா ஸ்பிளைஸ்' என்று இலக்கண நூல்கள் குறிப்பிடுவது இதைத்தான். தமிழில் காற்புள்ளி மூச்சு விடும் இடத்தைக் காட்டினால் போதும், ஏனெனில் வாக்கிய முடிவை வினைமுற்றே சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்தில் இரண்டு முழு வாக்கியங்களைத் தாங்கிப்பிடிக்கும் வலு தனிக் காற்புள்ளிக்கு இல்லை.

உங்கள் வாக்கியத்தைப் பல விதமாகத் திருத்தலாம், ஆனால் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதுதான் எழுதுபவரின் பொறுப்பு. முற்றுப்புள்ளி வைத்து இரண்டாகப் பிரித்தால் இரண்டு செய்திகளும் தனித்தனியே நிற்கும். பம்பு பழுதானதும் மெக்கானிக்கை அழைத்ததும் தொடர்புடையவை என்பது படிப்பவரின் ஊகத்துக்கு விடப்படுகிறது. காற்புள்ளிக்குப் பின் 'ஸோ' சேர்த்து 'த பம்ப் பிரோக் டவுன், ஸோ வி கால்ட் த மெக்கானிக்' என்று எழுதினால் காரணமும் விளைவும் தெளிவாகின்றன. 'வென் த பம்ப் பிரோக் டவுன், வி கால்ட் த மெக்கானிக்' என்றால் நீங்கள் தாமதிக்காமல் செயல்பட்டீர்கள் என்ற பொருள் முன்னுக்கு வருகிறது. அலுவலக அறிக்கைக்கு நான் இதையே பரிந்துரைப்பேன். அரைப்புள்ளியும் இடலாம். 1490களில் வெனிஸ் நகரத்து அச்சகத்தில் புழக்கத்துக்கு வந்த அந்தக் குறி, நெருங்கிய உறவுள்ள இரண்டு முழு வாக்கியங்களை இணைப்புச் சொல் இல்லாமலே சேர்த்து வைக்க இன்று பயன்படுகிறது.

காற்புள்ளியோடு சேர்ந்து இரண்டு முழு வாக்கியங்களை இணைக்கவல்ல சொற்கள் ஏழு: 'ஃபார், அண்ட், நார், பட், ஆர், யெட், ஸோ'. இவற்றின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'ஃபேன்பாய்ஸ்' என்று பள்ளிகளில் நினைவில் வைக்கச் சொல்வார்கள். 'ஹவ்எவர்', 'தேர்ஃபோர்', 'தென்' ஆகியவை இந்தப் பட்டியலில் இல்லை என்பதை அலுவலகத்தில் எழுதுபவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டும். 'வி ரிப்பேர்ட் த பம்ப், ஹவ்எவர் த வாட்டர் வாஸ் ஸ்டில் டர்ட்டி' என்பது படித்தவர்கள் கூடச் செய்யும் பிழை. அங்கே 'ஹவ்எவர்' என்பதற்கு முன் முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வேண்டும், அதற்குப் பின் காற்புள்ளி வேண்டும். 'தென்' என்பதும் நம் 'பிறகு' போல வாக்கியத்தைத் தொடங்கும் சொல்லே. 'அண்ட் தென்' என்று எழுதினால்தான் இணைக்கும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. ஜூலியஸ் சீசரின் புகழ்பெற்ற கூற்றை ஆங்கிலத்தில் 'ஐ கேம், ஐ சா, ஐ காங்கர்ட்' என்று காற்புள்ளி மட்டும் இட்டு எழுதுவதை யாரும் குறை கூறுவதில்லை. மிகக் குறுகிய, ஒரே அமைப்பில் அடுக்கப்பட்ட வாக்கியங்களுக்கு மட்டுமே அந்தச் சலுகை. அறிக்கையில் அதை நாட வேண்டாம்.

கேள்வி: ஐயா, நான் படிவம் ஐந்து மாணவி. 'பிகாஸ்', 'அண்ட்', 'பட்' ஆகிய சொற்களில் வாக்கியத்தைத் தொடங்கவே கூடாது என்று டியூஷனில் சொல்கிறார்கள். ஆனால் ஆங்கில நாளிதழ்களில் அப்படிப் பார்க்கிறேன். மேலும், வாக்கியம் இரண்டு வரிக்கு மேல் போனால் 'ரன்-ஆன்' ஆகிவிடுமா? படிவம் ஐந்தின் முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வுக்கு எது பாதுகாப்பு?

– ஒரு மாணவி, பீடோர்

பதில்: தங்கையே, அந்தத் தடை இலக்கண விதி அன்று. சிறு வகுப்பில் பிள்ளைகள் அரைகுறை வாக்கியம் எழுதுவதைத் தடுக்க ஆசிரியர்கள் போட்ட வேலி அது. படிவம் ஐந்து வரை அதையே விதியாகச் சொல்லிக்கொண்டிருப்பதை நான் ஏற்கவில்லை. 'பிகாஸ் த லோரி வாஸ் லேட், மை ஃபாதர் கேம் ஹோம் அட் த்ரீ' என்பது முற்றிலும் சரியான வாக்கியம். 'பிகாஸ்' தொடங்கிவைத்த எச்சத்தை, காற்புள்ளிக்குப் பின் வரும் முழு வாக்கியம் நிறைவு செய்துவிட்டது. 'அண்ட்', 'பட்' ஆகியவற்றில் தொடங்குவதும் பிழையன்று. ஆனால் ஒரே பத்தியில் திரும்பத் திரும்பத் தொடங்கினால் படிக்க அலுப்பாக இருக்கும்.

நீளத்துக்கும் ஒட்டு வாக்கியத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. 'இட் ரெயின்ட் வி ரான்' என்பது நான்கே சொற்கள். இது ஒட்டு வாக்கியம். 'வென் த ரெயின் ஸ்டாப்ட், த வொர்க்கர்ஸ், ஹூ ஹேட் பீன் வெய்ட்டிங் அண்டர் த டெம்பிள் ரூஃப் சின்ஸ் மார்னிங், வாக்ட் பேக் டு த ஃபீல்ட் அண்ட் ஃபினிஷ்ட் த லாஸ்ட் ரோ' என்பது மிக நீளமானது. இதில் ஒரு பிழையும் இல்லை. முதன்மை எழுவாய் 'வொர்க்கர்ஸ்'; அதற்குரிய முற்றுகள் 'வாக்ட்', 'ஃபினிஷ்ட்'. மற்றவை எல்லாம் முறையாகச் சார்ந்து நிற்கின்றன.

எஸ்.பி.எம். ஆங்கிலம் தாள் இரண்டில் முதல் பகுதிக்கு ஏறத்தாழ 80 சொற்கள், இரண்டாம் பகுதிக்கு 125 முதல் 150, மூன்றாம் பகுதிக்கு 200 முதல் 250 சொற்கள் எழுத வேண்டும் என்பது உனக்குத் தெரிந்திருக்கும். ஒவ்வொரு பகுதிக்கும் உள்ள 20 புள்ளிகள், உள்ளடக்கம், கருத்தைத் தெரிவிக்கும் திறன், ஒழுங்கமைப்பு, மொழி என்ற நான்கு கூறுகளுக்கும் ஐந்தைந்தாகப் பிரிக்கப்படுகின்றன. வாக்கிய முடிவில் தடுமாற்றம் இருந்தால் மொழிக்கு மட்டுமல்லாமல் ஒழுங்கமைப்புக்கும் புள்ளி குறைய வாய்ப்புண்டு. அதற்காகப் பயந்து எல்லா வாக்கியத்தையும் ஐந்து சொல்லில் முடித்துவிடாதே. மனப்பாடம் செய்த அலங்கார வாக்கியங்களை ஆங்காங்கே செருகுவதைவிட, 'ஆல்தோ', 'வென்', 'ஹூ' ஆகியவற்றைச் சரியாக வைத்து நீயே கட்டிய நீண்ட வாக்கியங்கள் உன் திறனைத் தெளிவாகக் காட்டும்.

கேள்வி: பிள்ளைகள் வாட்சாப்பில் 'ரீச்ட் ஹோம்', 'வெரி டையர்ட்' என்று எழுதுவதையும் தடுக்க வேண்டுமா?

– ஒரு தாத்தா, கோல கெட்டில்

பதில்: வேண்டாம், ஐயா. அது எழுத்து வடிவில் நடக்கும் பேச்சு. கேள்விக்குப் பதில் சொல்லும்போதும், அறிவிப்புப் பலகையிலும், விளம்பரத்திலும் அரைகுறை வாக்கியம் இயல்பானது. கதாசிரியர்கள் வேண்டுமென்றே கையாள்வதும் உண்டு. கட்டுரைக்கும் கடிதத்துக்கும் மட்டும் முழு வாக்கியத்தை வற்புறுத்துங்கள்.

கேள்வி: எங்கள் தோட்டத்து மண்டபத்தில் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்கு இலவசமாக ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். 'எழுவாய் இருக்கிறதா, வினை இருக்கிறதா' என்று பார்க்கக் கற்பித்தேன். 'த மேன் ஹூ டிரைவ்ஸ் த லோரி' என்று ஒரு சிறுமி எழுதிவிட்டு, 'டீச்சர், மேன் எழுவாய், டிரைவ்ஸ் வினை, முழு வாக்கியம்தானே?' என்று கேட்கிறாள். எப்படி விளக்குவது?

– ஓர் ஆசிரியை, ரவாங் வட்டாரம்

பதில்: அம்மா, அந்தச் சிறுமி மிக நல்ல கேள்வி கேட்டிருக்கிறாள். எழுவாயும் வினையும் இருப்பது மட்டும் போதாது, அந்த வினை அந்த எழுவாய்க்கே பயனிலையாக வரவேண்டும் என்பதை அவளுடைய வாக்கியம் நமக்கு நினைவூட்டுகிறது. 'ஹூ டிரைவ்ஸ் த லோரி' என்பது 'லோரி ஓட்டும்' என்ற பெயரெச்சத்தின் வேலையைச் செய்கிறது. 'லோரி ஓட்டும் ஆள்' என்றால் ஆளைப் பற்றி அடையாளம்தான் கிடைத்தது, அவர் என்ன செய்தார் என்ற செய்தி இன்னும் வரவில்லை. 'த மேன் ஹூ டிரைவ்ஸ் த லோரி லிவ்ஸ் நியர் த டெம்பிள்' என்று எழுதினால் 'லிவ்ஸ்' வந்து நிறைவு செய்கிறது. 'ஹூ', 'விச்', 'தட்' ஆகியவற்றுக்குப் பின் வரும் வினையை ஒரு விரலால் மறைத்துவிட்டு, மிச்சத்தில் வேறு முற்று இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் வகுப்புக்கு ஏற்ற சோதனைகள் இரண்டு சொல்கிறேன். பிள்ளைகள் எழுதிய ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் 'ஐ நோ தட்' என்று சேர்த்து உரக்கப் படிக்கச் செய்யுங்கள். 'ஐ நோ தட் த லோரி வாஸ் லேட்' பொருள் தருகிறது. 'ஐ நோ தட் த மேன் ஹூ டிரைவ்ஸ் த லோரி' என்பது தொங்கி நிற்கும், அது அரைகுறை. ஒட்டு வாக்கியத்தைக் கண்டுபிடிக்க, அதை ஆம் அல்லது இல்லை என்று விடை சொல்லக்கூடிய கேள்வியாக மாற்றச் சொல்லுங்கள். 'த லோரி வாஸ் லேட்' என்பது 'வாஸ் த லோரி லேட்?' என்று எளிதாக மாறும். 'த லோரி வாஸ் லேட் வி வெயிட்டட்' என்பதை மாற்ற முயன்றால் பாதிதான் மாறும். 'வி வெயிட்டட்' அப்படியே நின்றுவிடும். நின்றுவிட்ட இடத்தில்தான் புள்ளி விடுபட்டிருக்கிறது என்று பிள்ளைகளே கண்டுகொள்வார்கள்.

எழுதி முடித்த கட்டுரையைக் கடைசி வாக்கியத்திலிருந்து முதல் வாக்கியம் வரை பின்னோக்கிப் படிக்கவும் பழக்குங்கள். முன்னோக்கிப் படிக்கும்போது முந்திய வாக்கியத்தின் பொருள் மனத்தில் நிற்பதால், அரைகுறை வாக்கியம்கூட நிறைவாகத் தோன்றும். பின்னோக்கி வரும்போது 'பிகாஸ் த லோரி வாஸ் லேட்' துணையில்லாமல் கண்ணில் படும். என்ன குறைகிறது என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது.